பெயர் எழுதாத பூட்டு

“டுவேன் இருக்கான். கோலெட் இருக்கா. மாய் இருக்கா. இனேஸ்?”

இனேஸ் இன்னும் வந்திருக்கவில்லை. ஆசிரியர் ஹால்வர்சன் பட்டியலில் ஒரு கோடு போட்டார்.

“ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வரணும் சார். சீஸ் ஃபேக்டரி நாப்பது மைல். பனி வேற கொட்டுது,” என்றாள் கோலெட்.

“எட்டு மணிக்கு மெஷின் ஓடும். ஓடினதும் கதவைப் பூட்டிடுவேன். எங்கம்மாவே வந்து தட்டினாலும் திறக்க மாட்டேன்.”

தொழிற்கல்லூரியின் கடைசிப் பரீட்சை. ரோபோ கையும் அதை இயக்கும் கன்ட்ரோலரும் ஒன்றோடொன்று பேசாமல் நின்றிருக்கும். கோளாறு கேபிளிலா, நிரலிலா என்று கண்டுபிடிக்க வேண்டும். இனேஸ் ஏற்கெனவே ஒரு முறை வரத் தவறியவள். மூன்றாவது வாய்ப்பு கிடையாது. தேறினால் திங்கட்கிழமை முதல் அதே ஃபேக்டரியின் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை. இல்லையென்றால் ஆயுசுக்கும் சீஸ் டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

மெயின் ஸ்விட்சைப் போடப் போன டுவேன் அப்படியே நின்றான்.

“சார், இங்க ஒரு பூட்டு தொங்குது.”

சிவப்புப் பூட்டு. மெஷினுக்குள் ஒருவர் கை விட்டிருக்கும்போது இன்னொருவர் மின்சாரம் கொடுத்துவிடாதபடி ஸ்விட்சில் மாட்டுவது. ஆளுக்கொரு பூட்டு உண்டு; மாட்டியவர் பெயர் அதில் தொங்கும் சீட்டில் இருக்க வேண்டும். இந்தச் சீட்டு வெறுமையாக இருந்தது.

“எந்தக் கழுதை பண்ணின வேலை இது?” ஹால்வர்சன் முகம் சிவந்தது.

மூவரும் தங்கள் பூட்டுகளை எடுத்துக் காட்டினார்கள். மெஷினுக்குள் குனிந்து பார்த்தார்கள். ஈ காக்காய் இல்லை.

“கட்டர் இருக்கு சார். ஒரே வெட்டு,” என்றான் டுவேன்.

“வெட்டு. வெட்டிட்டு அப்படியே வீட்டுக்குப் போ. மாட்டினவங்கதான் கழட்டணும். உன்னை மாதிரி ஒரு அவசரக்காரன் வெட்டித்தான் என் கூட வேலை செஞ்சவனுக்கு ரெண்டு கையும் போச்சு.”

டுவேன் கட்டரைக் கீழே வைத்தான்.

கோலெட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெரியாத ஒன்று கண்ணெதிரே தொங்கினால் அவளால் சும்மா இருக்க முடியாது. பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துப்புரவு செய்கிறவருக்கு ஃபோன் போட்டாள். அவர் தூக்கக் கலக்கத்தில் திட்டிவிட்டு வைத்தார். மணி எட்டே கால். எட்டரை.

“இனேஸோடதுதான்!” என்றான் டுவேன். “பரீட்சை தள்ளிப்போகட்டும்னு நேத்தே மாட்டிட்டுப் போயிருக்கா, கள்ளி!”

மாய் சிரித்தாள். “உனக்கு அந்த யோசனை வரலையேன்னு வயித்தெரிச்சல்.”

கோலெட்டுக்கும் அப்படித்தான் பட்டது. வேறு யாருக்கு லாபம்?

எட்டு நாற்பதுக்கு இனேஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். தலைமுடியெல்லாம் பனி.

“உன் பூட்டு எங்கடி?” கோலெட் பாய்ந்தாள்.

இனேஸ் பையைத் தரையில் கவிழ்த்தாள். பெயர்ச்சீட்டோடு பூட்டு விழுந்தது. “இதோ. ஏன், என்ன ஆச்சு?”

அப்படியானால் அது யாருடையது? கோலெட் ஸ்விட்ச் பக்கம் திரும்பினாள்.

ஹால்வர்சன் தன் சாவிக்கொத்திலிருந்து சின்னச் சாவி ஒன்றைத் தேடி எடுத்து, அந்தச் சிவப்புப் பூட்டைத் திறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “என்ன முழிக்கறீங்க? மெஷினைப் போடுங்க,” என்று அதட்டிவிட்டு, இனேஸுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.