விசிலுக்கு விட்ட இடம்

ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று மகன் சொன்ன தெம்பில், பிளம்பர் அன்றுதான் மறுபடி வேலைக்குக் கிளம்பியிருந்தார். பேண்டு ஒத்திகை அறையில் குழாய் ஒழுகியது.

உள்ளே நுழைந்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்தது. அங்கே ஒலித்தது அவருக்கு உயிரான பாட்டு. மகன் கல்யாணத்தில் அதற்கு நடுவே அவர் அடித்த விசிலில் மைக் செட்காரர் பயந்தே போனார். அதைப் போய் சாக்ஸபோன்காரர் ஒப்பாரியாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், ஆடற பாட்டை இப்படி அழ வைக்கிறீங்க?"

"சாவுக்கு வாசிக்கணும். அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டுன்னு ஒரு பையன் சொல்லிட்டுப் போனான்."

"எப்ப தவறினாரு?"

"இன்னும் இருக்காரு. டாக்டர் கையை விரிச்சுட்டாராம். அவருக்கே தெரியாம மறைச்சு வெச்சிருக்காங்க."

"பாவம்," என்று ஸ்பேனரைத் திருகினார் பிளம்பர்.

சாக்ஸபோன்காரர் தொடர்ந்தார். மூன்றாவது வரி முடிந்ததும் சட்டென்று நிறுத்தினார்.

"என்ன சார், மறந்துபோச்சா?"

"இல்லப்பா. இங்க நாலு பீட் சும்மா விடணுமாம். பாட்டுல இல்லாத விசிலை அப்பா எப்பவும் இங்கதான் அடிப்பாராம். அந்த இடத்துல யாரும் எதுவும் வாசிக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி அழுதான்."

ஸ்பேனர் அப்படியே நின்றது.

"ஏம்பா, உனக்கு அவரைத் தெரியுமா?"

"இன்னொரு தடவை வாசிங்க சார்."

மூன்றாவது வரி முடிந்தது. பிளம்பர் உதட்டைக் குவித்தார்.

வெறும் காற்றுதான் வந்தது.