ஆறாம் முக்காலி

இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி கமலவேணி. செனகல் நாட்டிலிருந்து வந்த எங்கள் மருமகள் ஆமினத்தா. அவள் தம்பி மமாது. தச்சர் தணிகாசலம்.

வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முக்காலிகள் ஆறு.

கடையை வரைந்தவன் என் மகன் தயாபரன். புதுச்சேரியில் மனைவியின் ஊர்ச் சமையலுக்கு ஓர் உணவகம். மேற்கு ஆப்பிரிக்கச் சாப்பாடு. மேசை கிடையாது. முழங்கால் உயரத்தில் வட்டப் பலகைகள். பலகைக்கு ஒரே பாத்திரம், சுற்றி ஆறு முக்காலிகள்.

சுவரில் தாழ்வாக ஒரு ஜன்னல். அதன் உயரம் அவன் கண்ணின் உயரம். முக்காலியில் உட்கார்ந்து, தணிகாசலத்தைப் பென்சிலால் சுவரில் குறிக்கச் சொன்னானாம்.

கட்டி முடியுமுன் காய்ச்சலில் போய்விட்டான்.

மீதியை அவன் போட்ட கோட்டின்படியே தணிகாசலம் முடித்தார்.

கடை திறக்கும் நாள். உச்சிவெயில். முதல் சோற்றைக் குடும்பம்தான் உண்ண வேண்டும் என்றாள் ஆமினத்தா. ஒரே பாத்திரத்தில்.

அவர்கள் திருமணத்தை நான் ஊரைக் கூட்டித்தான் நடத்தினேன். ஒளித்துச் செய்யவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் இலையில் இன்னொருவர் கை பட்டதில்லை. என் தகப்பனார் தம் அண்ணன் குவளையில்கூட நீர் அருந்தியவர் அல்லர்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன்.

"மாமா, நீங்க கை வெக்கலன்னா கடையத் திறக்க மாட்டேன். எங்க ஊருக்கே போயிடுவேன்."

ஆமினத்தா சொன்னது தயாபரன் பேசுவதுபோலவே இருந்தது. அவனிடம் கற்ற தமிழ்.

கமலவேணி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"கொள்ளி வெச்ச கை. இனிமே அதுல எந்த எச்சில் ஒட்டப்போவுது?"

உட்கார்ந்தேன்.

பூப்போட்ட எனாமல் பாத்திரம். தக்காளியில் சிவந்த நொய்ச்சோறு. எங்கள் வீட்டில் நொய் கோழிக்குப் போடுவது. அவர்கள் ஊரில் விருந்துக்கே அதுதானாம்.

நடுவில் மீன். அவரவர் முன்னால் இருக்கும் சோறுதான் அவரவர் பங்கு. அடுத்தவர் பக்கம் கை நீட்டுவது இழிவு. மீனைப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னும் தள்ளி வைப்பது வீட்டுக்காரியின் வேலை.

ஆமினத்தா தள்ளி வைத்தாள். எனக்கு. கமலவேணிக்கு. தணிகாசலத்துக்கு. தம்பிக்கு. தனக்கு.

பிறகு, ஆளில்லாத முக்காலியின் முன்னும்.

பிந்தி வருகிறவருக்கு என்றாள். அவர்கள் வழக்கம்.

ஆறு எதற்கு, வீட்டில் அத்தனை பேர் இல்லையே என்று தயாபரனிடம் அப்போதே கேட்டதாகத் தணிகாசலம் சொன்னார். வருவாங்க, நீங்க செய்யுங்கண்ணே என்றானாம்.



ஜன்னல் வெயில் அந்த முக்காலிமீது விழுந்திருந்தது. ஓர் ஆள் அகலத்துக்கு.

நான் உண்டேன். லேசான புளிப்பு. ருசியாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

உண்டு முடித்ததும் ஐவரும் கொல்லைக் குழாயடிக்குப் போனோம். கமலவேணி என் கைக்கு நீர் வார்த்தாள். ஒன்றாகப் போனோம், ஒன்றாகத் திரும்பினோம்.

ஆறாவது பங்கில் ஒரு பருக்கை இல்லை.

பாத்திரத்தின் அடியிலிருந்த பூவிதழ் தெரிந்தது. விளிம்பில் மீன்முள்கள். சிறியதிலிருந்து பெரியதாக, ஒரே வரிசையில்.

சின்ன வயதில் தயாபரன் அப்படித்தான் அடுக்குவான். சாப்பாட்டில் என்ன விளையாட்டு என்று கண்டிப்பேன்.

கமலவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மமாது தலை குனிந்து ஏதோ ஓதினான்.

ஆமினத்தா பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு போய்த் தெருக்கதவைத் திறந்தாள்.

கடை நன்றாக நடக்கிறது. ஆறாவது முக்காலியில் இன்றுவரை யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

பேய்க்கடை என்று பெயர் வந்துவிடக் கூடாது என்று தணிகாசலம் ஊரில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார். துக்கம் தாளாமல் பெரியவர்தான் மகன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டார் என்று. நல்ல எண்ணத்தில் சொன்னது. ஊரும் நம்புகிறது.

அது பொய்.

எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் பங்கில் கை வைத்தவர் கிடையாது. என் முன்னால் இருந்ததை மட்டுமே நான் உண்டேன்.