பதினொன்று பத்து போன்

"அந்த ஆள் உன்னைக் கிண்டல் பண்றான்மா. இதுகூடவா உனக்குப் புரியல?"

சூப்பர்வைசர் மேஜையைத் தட்டிய தட்டில் டீ கப் ஒரு துள்ளு துள்ளியது.

எதிரே நின்ற மூன்றாம் சீட்டுப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. சிறு வயதிலிருந்தே அவளுக்குத் திக்குவாய்.

பிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. பன்னிரண்டு சீட்டு, பன்னிரண்டு ஹெட்போன். "கூலிங்கே ஆகல" என்று நாள் முழுக்க ஊரே அழும். சராசரியாக ஒரு போனை நான்கு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தின் காவலர் சூப்பர்வைசர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'கடிகாரம்'.

திக்குகிறவளுக்குப் போனில் பேசும் வேலையா என்று முதலில் சிரித்தவரும் இவர்தான். இரண்டு இன்டர்வியூவில், தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறையும் வந்து நின்றாள். 'மூன்று மாதம் பார்ப்போம்' என்று மேனேஜர் சீட்டுக் கொடுத்தார்.

"போனை எடுத்ததும் பேரைச் சொல்லாதேம்மா, சீட் நம்பரைச் சொல்லிக்கோ. நான் கண்டுக்க மாட்டேன்" என்று சூப்பர்வைசரே இரக்கப்பட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"பேரைச் சொல்லணும்னுதான் சார் இந்த வேலைக்கே வ... வந்தேன்" என்றாள் அவள்.

சொன்னபடியே செய்தாள். தினமும் அறுபது போன். அறுபது தடவையும் தன் பெயரோடு மல்லுக்கட்டினாள். இரண்டாம் மாதம் அவளுடைய சராசரி நான்கு நிமிடத்துக்குள் வந்தபோது, கடிகாரமே அசந்துபோய் ஒரு நொடி நின்றுதான் ஓடியது.

அப்போதுதான் வந்து சேர்ந்தான் அந்தப் பாவி. தினமும் பதினொன்று பத்துக்கு டாண் என்று அவள் சீட்டுக்கே போன். கதவு மூடவில்லை, விளக்கு எரியவில்லை, ஐஸ் கட்டவில்லை என்று நாளுக்கொரு புகார். அவன் வீட்டு பிரிட்ஜுக்கு வராத நோயே இல்லை. அத்தனையையும் அவளைப் போலவே திக்கித் திக்கிச் சொல்வான். ஒரு போனுக்கு இருபது நிமிடம். பேரைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

அவளுடைய சராசரி மறுபடி நான்கைத் தாண்டிவிட்டது. இன்று மதியம் மேனேஜருக்கு ரிப்போர்ட் போகிறது. இப்படியே போனால் வேலை போச்சு.

"நான் சொல்றதைக் கேளு. ரிப்போர்ட்டுல காரணம்ங்கிற இடத்துல 'தொந்தரவு'ன்னு எழுதிட்டேன். நீ சரின்னா கையெழுத்துப் போட்டுடறேன், அவன் போன் எதுவும் கணக்குல வராது. நம்பரும் பிளாக் ஆயிடும். நீ தப்பிச்சே."

"வே... வேண்டாம் சார்."

"பிழைக்கத் தெரியாத பொண்ணா இருக்கியே!"

மணி பதினொன்று பத்து. மூன்றாம் சீட்டில் விளக்கு எரிந்தது. அவளை முந்திக்கொண்டு சூப்பர்வைசர் ஓடிப்போய் ஹெட்போனை மாட்டினார்.

"வ... வ... வண..."

"ஏன்யா, ஒரு பொண்ணோட குறையை வச்சு விளையாடறியே, நீயெல்லாம் மனுஷனா?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லைன் கட்டாயிற்று.

"விட்டது சனியன்!" என்று திரும்பினார். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவருக்கு நிஜமாவே தி... திக்கும் சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கிண்டல் பண்றவங்க எல்லா வார்த்தையிலயும் திக்குவாங்க. பேரைக் கேட்டா டக்குனு ஏதோ ஒரு பேரைச் சொல்லிடுவாங்க. இவர் பேரைக் கேட்டாத்தான் பயந்து ஓடறார். எங்களுக்குச் சொந்தப் பேருதான் சார் ம... மலை."

சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"ஐயோ, இனிமே கூப்பிடவே மாட்டாரே?"

"கூப்பிடுவார் சார். எங்களுக்குப் பாதியில நிக்கறது பழக்கம். பாதியில வி... விட்டுட்டுப் போறது பழக்கமில்ல."

பதினொன்று இருபத்தைந்து. விளக்கு எரிந்தது. "நானே பேசறேம்மா" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டு ஹெட்போனை வாங்கிக்கொண்டார்.

"சார்... எ... என் பே... பே..."

சூப்பர்வைசர் மேஜைக் கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"மெதுவாச் சொல்லுங்க சார். எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

அவர் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தையா என்று பதினோரு சீட்டும் எட்டிப் பார்த்தது.

ஒன்றே முக்கால் நிமிடம் ஆனது. பெயர் முழுசாக வந்து சேர்ந்தது. அதற்கப்புறமும் போன் செய்தவர் நிறையச் சொன்னார். சூப்பர்வைசர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "நீங்கதான் என்னை மன்னிக்கணும். நாளைக்கு நல்லபடியா முடியும், தைரியமாப் போங்க" என்று சொல்லி, ஹெட்போனை அவளிடம் கொடுத்தார்.

ரிப்போர்ட்டை எடுத்து 'தொந்தரவு' என்பதை அடித்தார். 'ஒருவர் தன் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை இந்தப் பெண் காத்திருந்தார். இவரை விட்டால் நமக்குத்தான் நஷ்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இதை நானே மேனேஜர் கையில கொடுக்கறேன். கேள்வி கேட்டா நான் பார்த்துக்கறேன். போன் பண்ணினவருக்கு நாளைக்கு இன்டர்வியூவாம்மா. முதல்ல பேரைத்தான் கேப்பாங்கன்னு, பயத்தைப் போக்க உன்கிட்ட பேசிப் பழகினாராம். இன்னொரு கூத்தைக் கேளு, அவர் வீட்டுல பிரிட்ஜே கிடையாதாம்!"

அவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டே சிரித்தாள்.

"தெ... தெரியும் சார். முதல் நாள் அவர் சொன்ன மாடலை நம்ம கம்பெனி செய்யறதே இல்லையே!"