பேர் தெரியாமல் ஒரு வாரம்

"அந்த மனுஷனுக்கு என்னைக் கண்டாலே ஆகாதுக்கா! இல்லேன்னா என் கோடிங்குக்கு மட்டும் எதுக்கு இத்தனை நொட்டை?"

டீச்சர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அவள் எழுதியிருந்தது ஒரு கையளவு. அதன் கீழே கத்தரி எழுதியிருந்தது முழ நீளம்.

மருந்துக்கடை அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். வேளாவேளைக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தும் அந்த இலவச ஆப்பை ஆரம்பித்தவளே அவள்தான். யார் வேண்டுமானாலும் கோடிங் எழுதி அனுப்பலாம். ஆனால் கத்தரி படித்துப் பார்த்து 'சரி' என்று சொன்னால்தான் ஆப்பில் சேரும். அவருடைய நிஜப்பேர் இப்போது அவருக்கே ஞாபகம் இருக்குமோ என்னவோ. எல்லாவற்றையும் வெட்டி வெட்டியே கத்தரி ஆகிவிட்டார்.

"நம்மகூட எழுதுற தாடிக்கெல்லாம் ஒரே வரியில முடிச்சிடுறாரு. எனக்கு மட்டும் 'இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்', 'இப்படியும் செய்யலாமே'ன்னு பாடம் எடுக்குறாரு. நானே ஒரு டீச்சர்! எங்கப்பா மாத்திரையை மறந்துட்டு மறந்துட்டுப் படுத்துக்கிறாரேன்னுதான் இதுல சேர்ந்தேன். போதும்க்கா, நான் விலகிக்கிறேன்."

"அவசரப்படாதேம்மா. கோடிங்கைப் படிச்சுப் பார்க்குறதுக்குப் புது டூல் எடுக்கத்தானே இன்னைக்குக் கூடுறோம்? அங்கே பேசு."

கொஞ்ச நேரத்தில் தாடி வந்தான். பின்னாலேயே கத்தரியும் வந்து, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்தார்.

"ரெண்டு டூல் பார்த்து வெச்சிருக்கேன்" என்றான் தாடி. "ஒண்ணுல எழுதினவங்க பேர், போட்டோ எல்லாம் மேலேயே பளிச்சுன்னு தெரியும். இன்னொண்ணுல நாம திறந்துவிடுற வரைக்கும் பேரே தெரியாது."

"பேர் தெரியாததுதான் வேணும்" என்றாள் டீச்சர், பட்டென்று. "பெரிய பரீட்சைப் பேப்பரைப் பேரை மறைச்சுத்தான் திருத்துறோம். அதுதான் நியாயம்."

"எனக்குப் பேர் தெரியணும்" என்றார் கத்தரி.

"ஏன் சார்?"

"தெரியணும். அவ்வளவுதான்."

வாயைத் திறந்து ஒரு காரணம் சொல்லித் தொலைத்தால்தான் என்ன? மனுஷன் ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர் தெரிஞ்சாத்தானே யாரை வெட்டுறதுன்னு தெரியும்!" என்று தாடி சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை.

அக்காதான் தீர்த்துவைத்தாள். "ஒரு வாரம் பேர் தெரியாமலே நடக்கட்டும். பேரையும் அவர் எழுதினதையும் அடுத்த சனிக்கிழமை எல்லாரும் ஒண்ணா திறந்து பார்ப்போம். அதுவரைக்கும் நீயும் விலகக் கூடாது."

டீச்சர் வேண்டுமென்றே, தான் இதுவரை தொடாத பகுதியை எடுத்துக்கொண்டாள். அலாரம் அடித்ததும் 'அப்புறம்' என்று தள்ளிப்போடுகிற பட்டன். இப்போது கண்டுபிடிக்கட்டுமே, பார்க்கலாம்!

அடுத்த சனிக்கிழமை. டீச்சர் தன்னுடையதைத்தான் முதலில் திறந்தாள்.

'அப்புறம்-னு அமுக்கினா, மாத்திரை போட்டாச்சுன்னு பதிவாகுது. இது ஆளைக் கொல்லும். எழுதினவருக்கு மூளை வேலை செய்யுதா? வேண்டாம்.'

அவ்வளவேதான். முழமும் இல்லை, சாணும் இல்லை.

டீச்சர் அதை இரண்டு தரம் படித்தாள். கோடிங்கை மறுபடி பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். அப்பா அரைத்தூக்கத்தில் அந்த பட்டனைத்தானே தினமும் அமுக்குவார்!

"உங்களுக்கு என்ன எழுதியிருக்காரு?" என்று மெதுவாகத் தாடியைக் கேட்டாள்.

"எனக்கா? 'இதுக்குப் பேசாம சும்மா இருந்திருக்கலாம்.' வழக்கம்போலதான்."

"எனக்கு இதோ, 'மறுபடியுமா?'ன்னு ஒரே வார்த்தை" என்றாள் அக்கா. "ஆப்பை ஆரம்பிச்சவங்கிற மரியாதையாவது உண்டா பாரு!"

"அப்போ எல்லாருக்கும் இப்படித்தானா?"

"ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான். 'யோசித்துப் பாருங்கள்'னு எனக்கு ஒரு தடவைகூட எழுதினதில்லை" என்றான் தாடி.

கத்தரி அப்போதுதான் திரையில் பேரைப் பார்த்தார். நாற்காலி பின்னால் சரியும்படி எழுந்துவிட்டார்.

"ஐயையோ! இது நீங்க எழுதினதா? நான் தாடின்னு நினைச்சுட்டேனே!"

"தாடின்னா மூளை வேலை செய்யுதான்னு கேட்கலாமா சார்?" என்றான் தாடி.

"நீ எங்கேயும் போக மாட்டேப்பா" என்றார் கத்தரி. "புதுசா வர்றவங்ககிட்ட இப்படிப் பேசினா மறுநாளே போயிடுவாங்க. எத்தனை பேரை இந்த வாயாலேயே விரட்டியிருக்கேன்! அதனாலதான் இவங்க பேரைப் பார்த்ததும் எந்திரிச்சுப் போய் முகம் கழுவிட்டு வந்து, உட்கார்ந்து, நிதானமா எழுதுவேன். பேர் தெரியாம நான் எப்படிம்மா முகம் கழுவுவேன்?"

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லியிருந்தா, சலுகை காட்டுறேன்னு அன்னைக்கே போயிருப்பீங்க."

டீச்சருக்குத் தன் வகுப்பு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில், சிவப்பு மையைக் கண்டாலே அழுதுவிடுகிற பிள்ளைக்கு மட்டும் அவள் பென்சிலில் திருத்துவாள். மற்ற பிள்ளைகளுக்கு அது தெரியாது. அந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

"பேர் தெரியுற டூலே இருக்கட்டும்க்கா. நான் எங்கேயும் போகலை" என்றாள். பிறகு கத்தரியைப் பார்த்தாள். "ஆனா இனிமே என் பேர் வந்தா தாடின்னு நினைச்சுக்கங்க சார். நேராவே திட்டுங்க, தாங்கிப்பேன்."

தாடி அவசரமாகக் கையைத் தூக்கினான்.

"அப்போ என் பேர் வந்தா டீச்சர்னு நினைச்சுக்கங்க சார். ஒரே ஒரு தடவை முகம் கழுவிட்டு வந்து எழுதுங்களேன்!"