முன்வாசல் மரியாதை

"முன்வாசல் வழியாத்தான் நான் நுழைவேன். அந்த அச்சகக்காரர் வேணும்னா பின்வாசல் வழியா வரட்டும். சரின்னா சொல்லு, கிளம்பறேன்."

மரக்கடைக்காரர் இப்படித்தான் சொன்னாரா, இன்னும் காட்டமாகச் சொன்னாரா என்பது இப்போது சரியாக நினைவில்லை. சட்டைப் பொத்தானைத் தப்பாக மாட்டிக்கொண்டே சொன்னார் என்பது மட்டும் நிச்சயம்.

அவர் மகளும் அச்சகக்காரர் மகனும் காதலித்தார்கள். வேறு வேறு மதம். அதைக்கூட இரண்டு வீட்டிலும் எப்படியோ ஜீரணித்துவிட்டார்கள். யார் வீட்டு வாசலை யார் முதலில் மிதிப்பது என்பதில்தான் ஒரு வருஷமாகக் கல்யாணம் முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில், இரண்டு பேர் வாசலும் வேண்டாம் என்று, இரு வீட்டாரும் முதலில் சந்திக்க ஊருக்கு வெளியே இருந்த பஹாய் வழிபாட்டு இல்லத்தைப் பெண்தான் பிடித்தாள். எந்த மதத்துக்காரரும் வரலாம், பிரசங்கம் கிடையாது.

"உங்களுக்கு முன்வாசல்தாம்பா," என்றாள் அவள், ரொம்பச் சுலபமாக.

"அந்த ஆளு ஒத்துக்கணுமே?"

"அவங்க வீட்ல மறுப்பே இல்லப்பா."

"மாப்பிள்ளை எப்படின்னு இவருக்குக் கவலையில்ல. கதவு எப்படின்னுதான் கவலை," என்றாள் மனைவி.

போய் இறங்கியதும் மரக்கடைக்காரர் வாசலை அளவெடுப்பதுபோல் பார்த்தார். வாழ்நாளெல்லாம் நிலையும் கதவும் விற்றவர். சுற்றிலும் வெள்ளைக் கல்லில் பூவேலை. கதவை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"இதான் முன்வாசல். இப்படி இழைச்சு எவனாவது பின்பக்கம் வைப்பானா?"

"நடுவுல போர் வந்து வேலை நின்னுபோச்சாம். கட்டி முடிக்க ஒரு தலைமுறை ஆச்சாம்பா."

"இந்தக் கதவுக்கே பாதித் தலைமுறை ஆகியிருக்கும்."

செருப்பை வாசலோரம் விட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார்.

உள்ளே சிலை இல்லை, படம் இல்லை, மேடை இல்லை. தலைக்கு மேலே குவிமாடம். வெளிச்சத்தைச் சலித்து மெல்லக் கீழே விட்டுக்கொண்டிருந்தது. அண்ணாந்த தலை இறங்கவில்லை. மகள்தான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பக்கத்து நாற்காலியில் அச்சகக்காரர். அவரும் அண்ணாந்திருந்தார். பேசக் கூடாத இடம் என்பதால் சண்டைக்கும் வழியில்லை.

ஒருவர் எழுந்து இவருடைய வேதத்திலிருந்து சில வரிகள் படித்தார். இன்னொருவர் அச்சகக்காரருடைய வேதத்திலிருந்து. பிறகு எங்கிருந்தோ ஒரு பெண் பாடினாள். வாத்தியம் எதுவுமில்லை, வெறும் குரல். அது உச்சி வரை போய்த் திரும்பி வரும் வரை பொறுத்து, அடுத்த அடியைப் பாடினாள். அந்த மௌனங்களில் மரக்கடைக்காரர் தன்னைப் பற்றி யோசித்தார். யோசித்தது அவருக்கே பிடிக்கவில்லை. பக்கத்தில் அச்சகக்காரர் மூக்கை உறிஞ்சினார். இந்த மனுஷனையா பின்வாசல் வழியாக வரவைத்தேன்?

வெளியே வந்ததும் மரக்கடைக்காரர் அச்சகக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, மன்னிச்சிடுங்க. உங்களைப் பின்பக்கமா வரச் சொன்னது என் வீம்புதான்."

அச்சகக்காரர் விழித்தார். "என்னையா? நான்ல உங்களைப் பின்பக்கமா வரச் சொல்லியிருந்தேன்! அதை நினைச்சுத்தான் உள்ள அழுகையே வந்துச்சு."

"நான் நுழைஞ்சது முன்வாசல், சம்பந்தி. இதோ, இதே பூவேலை. ஆமா... என் செருப்பு எங்க?"

"என்னோடதையும் காணோமே!"

"எந்த வாசல்ல விட்டீங்க?" என்றார் அங்கே நின்றிருந்த தொண்டர்.

"முன்வாசல்ல!" என்றார்கள் இருவரும்.

"அப்படி ஒண்ணு இங்க இல்லீங்களே. மொத்தம் ஒன்பது வாசல், ஒன்பதும் ஒரே மாதிரி. யாரும் முன்னே பின்னே இல்லைன்னுதான் அப்படிக் கட்டியிருக்காங்க."

மகளையும் மாப்பிள்ளையையும் தேடினால், இருவரும் தோட்டத்தின் கோடிக்கே ஓடியிருந்தார்கள்.

சம்பந்திகள் வெறுங்காலோடு கட்டடத்தைச் சுற்றிவந்ததில் செருப்புகள் கிடைத்தன. கல்யாணம் அடுத்த மாதமே நடந்தது. எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறார்கள். யார் வீட்டு வாசலை யார் முதலில் மிதித்தது என்பது மட்டும் இன்றுவரை முடிவாகவில்லை: செருப்பைத் தேடிய அந்த நாளுக்கு மறுநாள் காலை மரக்கடைக்காரர் குடும்பத்தோடு போய் அச்சகக்காரர் வீட்டின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றபோது, அச்சகக்காரர் குடும்பத்தோடு வந்து மரக்கடைக்காரர் வீட்டின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தார்.