அரைத்த சாப்பாடு

"தலையைக் குனிங்க... இன்னும் குனிங்க!"

சாத்தியிருந்த சமையலறைக் கதவுக்கு உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கைக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? முழுங்குங்க. ம்... இன்னொரு தடவை முழுங்குங்க."

அண்ணனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

தெருவே அதிர ஹாரன் அடித்துக்கொண்டு லாரி ஓட்டிய மனுஷன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தங்கையைத் தனியாளாக வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தவர். பக்கவாதம் வந்து படுத்தவர் தேறிவிட்டார், எழுந்து நடமாடுகிறார் என்று கேள்விப்பட்டு, கூட இருந்துவிட்டுப் போகலாம் என்று அவள் வந்திருந்தாள்.

வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். அவளுக்கு ஹாலில் தட்டு நிறையச் சாப்பாடு. அண்ணனுக்கு மட்டும் சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

கதவு திறந்ததும் உள்ளே போய்ப் பார்த்தாள். கிண்ணத்தில் மஞ்சளாகப் பூசணிக்காயும் பருப்பும் அரைத்த கூழ். பக்கத்தில் பச்சையாக ஒரு பட்டாணிக் கூழ்.

"என்ன அண்ணி இது, பல்லு முளைக்காத குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி? கொஞ்சம் பால், முட்டைன்னு கொடுத்தா உடம்பு தேறுமில்ல?"

"அதெல்லாம் உங்க அண்ணன் தொடமாட்டார்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். எப்போதோ ஒருமுறை லாரியில் கன்றுக்குட்டிகளைக் கசாப்புக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தவர், அன்றோடு கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிரைக்கூட விட்டுவிட்டார்.

"சரி, பால் வேண்டாம். வாய்க்கு ருசியா வேற ஏதாவது பண்ணக் கூடாதா? எல்லாத்தையும் மிக்சியில போட்டு ஒரு சுத்து சுத்தினா வேலை முடிஞ்சுது, இல்ல?"

அண்ணி மிக்சி ஜாரைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தபோது மெல்லக் கேட்டாள். "அண்ணி உன்னை மிரட்டறாங்களா அண்ணா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். "அவ சுபாவம் அப்படி. நீ கண்டுக்காதே."

வேறென்ன வேண்டும்? உடனே வீட்டுக்காரருக்கு போன் போட்டாள். "அண்ணனை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடறேங்க. இங்க இருந்தா உருப்படியா ஒரு வாய் சோறு கிடைக்காது அவருக்கு."

மறுநாள் அண்ணி துணி காயப்போட மாடிக்குப் போனாள். இவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"பால் கலக்காத பிஸ்கட் அண்ணா. கடை கடையா ஏறி இறங்கி வாங்கினேன். இங்க தலையெல்லாம் குனிய வேண்டாம், நிமிர்ந்து உட்காரு. என்கூடப் பேசிக்கிட்டே நிம்மதியா சாப்பிடு."

அவர் பிஸ்கட்டைப் பார்த்தார். மாடிப்படிப் பக்கம் பார்த்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

அவள் ஏதோ பழைய கதை சொல்ல, அவர் தலையை அண்ணாந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது. முகம் சிவந்தது. கண்கள் பிதுங்கின. இருமல்கூட வரவில்லை.

"அண்ணீ!"

ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு அண்ணி ஓடி வந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரை இடுப்போடு முன்னால் வளைத்துப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி ஓங்கி அடித்தாள். கெட்டியாக ஒரு பிஸ்கட் உருண்டை தரையில் வந்து விழுந்தது. அவருக்கு மூச்சு வந்தது.

வாயைத் துடைத்து, முதுகைத் தடவி, அவரைச் சாய்த்துப் படுக்க வைத்த பிறகுதான் அண்ணி சமையலறைக்குள் போய் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கை பின்னாலேயே போனாள்.

"கை கால் தேறிடுச்சு. தொண்டைதான் இன்னும் தேறல" என்றாள் அண்ணி. "மென்னு சாப்பிட முடியாது. முழுங்கினா புரையேறும். தலையைக் குனிஞ்சுக்கிட்டு முழுங்கினாத்தான் மூச்சுக்குழாய்க்குள்ள போகாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிக் கொடுத்திருக்காங்க. அளவா ஒவ்வொரு வாயா நான்தான் ஊட்டணும், நடுவுல பேசவே கூடாது. கூழ்ல ஒரு திப்பி இருக்கக் கூடாது, தண்ணியாவும் இருக்கக் கூடாது. கெட்டித் தயிர்னா எனக்கும் வேலை சுலபம். அவர்தான் வேணாங்கறாரே? அதான் பருப்பு, பட்டாணின்னு வேக வச்சு, அரைச்சு, வடிகட்டி, என் வாயில போட்டுப் பார்த்துட்டு அவருக்குக் கொடுக்கறேன்."

தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி! உங்களைப் பத்தி நான் என்னென்னவோ நினைச்சு... அண்ணனாவது ஒரு வார்த்தை..."

"நீ வர்றேன்னு தெரிஞ்சதுமே சொல்லிடலாம்னுதான் போனை எடுத்தேன். அவர்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'அவளுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவன் நான். எனக்கு இன்னொருத்தர் ஊட்டறதை அவ பார்க்க வேண்டாம். அவ கண்ணுக்கு நீ கெட்டவளாவே இருந்துட்டுப் போயேன்'னார்."

அண்ணி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"அதான், இருந்துட்டேன்."