அடிப்பிடித்த அண்டா

"என்ற புள்ளைக்குக் கோதுமையைத் திங்கக் கொடுக்கறது யாருங்க? எனக்கு இப்பவே தெரிஞ்சாகோணும்."

கண்ணம்மாள் அந்தப் பித்தளை அண்டாவைத் தெரு நடுவில் தொப்பென்று போட்டாள். முந்தானை தோளில் நிற்கவில்லை; மூச்சு இரைத்தது. அத்தனை ஆத்திரத்திலும் அந்த 'ங்க' மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. பல்லடத்துக்காரியின் கோபம் அப்படித்தான்.

தறிக்கான நூலைப் பாவாகத் தெருவில் நீட்டிக்கொண்டிருந்த மருதாசலம் நிமிர்ந்து பார்த்தார். அது அவர் வீட்டு அண்டா. புறக்கடையில் கிடந்ததை இவள் இழுத்து வந்திருக்கிறாள்.

அவர் மனைவி பொன்னாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "என்னாச்சு கண்ணம்மா?"

"என்னாச்சுன்னு என்னையக் கேக்கறீங்களாக்கா? அண்டா அடியில பாருங்க. கோதுமைதானுங்களே இது? ரெண்டே பேர் இருக்கற ஊட்டுல இத்தனை கூழு யாருக்குங்க?"

பொன்னாத்தாள் அண்டாவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

ரேஷனில் அரிசி சுருங்கிக் கோதுமை வந்து சேர்ந்த காலம் அது. ஊரே முனகிக்கொண்டு சப்பாத்தி தட்டப் பழகியபோது, கண்ணம்மாளின் ஒரே மகள் சாரதாமணிக்கு மட்டும் அது எமனாக வந்தது. வயிறு உப்பியது. தின்றதெல்லாம் தண்ணீராகப் போயிற்று. கல்யாண வயசுப் பெண், பார்க்கச் சகிக்காமல் வற்றிப்போனாள். பேய் என்றார்கள், செய்வினை என்றார்கள். கடைசியில் கோயமுத்தூர் டாக்டர்தான் கண்டுபிடித்தார்.

"கோதுமை இவ குடலுக்கு ஆகாதும்மா. ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக் கூடாது. அரிசி, ராகி, கம்பு கொடுங்க. ரெண்டு மாசத்துல எழுந்து ஓடுவா."

அரிசிக்கு எங்கே போவது? தெரு கை கொடுத்தது. வாரம் தவறாமல் பொன்னாத்தாள் முறம் நிறைய அரிசியோடு வந்து நிற்பாள்.

"தெருவே பட்டினி கெடந்து எங்களுக்குத் தரோணுங்களா?" என்று கண்ணம்மாள் கண் கலங்கினால், "ஒருத்தரும் பட்டினி கெடக்கலை. பேசாம ஒலையை வை" என்பாள்.

ஆனால் சாரதா எழுந்து ஓடவில்லை. சோறும் ராகிக் களியும் தின்றும் நாளுக்கு நாள் தேய்ந்தாள். படுத்தே கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று தறியில் போய் உட்கார்ந்துகொள்வாள். முடிச்சே தெரியாமல் இழை சேர்க்கத் தாய் பழக்கிய கை. அது மட்டும் சளைக்கவில்லை.

நேற்று டாக்டர் எரிந்து விழுந்தார். "எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகுது. இப்படியே போனா பொண்ணு உங்களுக்கு இல்ல. வீட்டுல யாரு கொடுக்கறாங்கன்னு பாருங்க."

வீட்டில் யார் இருக்கிறார்கள்? புருஷன் விடிந்தால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறான். "நான் எதையுந் திங்கலம்மா" என்று அழுத மகளை, ராத்திரி அறைந்தே விட்டாள் கண்ணம்மாள். அந்தக் கை இன்னும் எரிந்தது.

"வாயில என்னங்க கொழுக்கட்டையா?" என்று கத்தினாள். "சாரதா தினமும் உங்க ஊட்டுக்கு வந்து போறாளே, பாசமா ரெண்டு வாய் ஊட்டி உட்டீங்களாக்கும்?"

"கண்ணம்மா, வார்த்தையை உட்றாதே."

"உடுவேன். நல்லவளாட்டம் மொறத்துல அரிசியைக் கொட்டிப்போட்டு, பொறவால வெஷம் வெச்சிருக்கே நீ."

'ங்க' போய்விட்டது. 'நீ' வந்துவிட்டது.

"இதுக்குத்தான் ஒருத்தருக்கும் ஒதவப்படாதுங்கறது" என்றாள் எதிர்வீட்டு மருதாள், எல்லார் காதிலும் விழும்படி.

பொன்னாத்தாளின் முகம் சிவந்தது. மருதாசலம்தான் பாவை விட்டுவிட்டு வந்தார்.

"சொல்லிப்போடு பொன்னாத்தா. இனி மறைச்சு என்ன பண்ண?"

"சொல்றேன்" என்றாள் அவள். குரலில் நெருப்பு. "நீ ஒலையில போடற அரிசி யாரு சோத்துப் பானையிலிருந்தும் வரலை. பாவுக்குக் கஞ்சி காச்சறதுக்குன்னு ஊட்டுக்கு ஊடு எடுத்து வெக்கற அரிசி அது. பாவு எப்படிப் போனாலும் போகட்டும், புள்ளை பொழைக்கோணும்னு தெருவே பேசி உனக்குக் கொடுத்தோம். உங்க ஊட்டுத் தறிக்கும் சேத்து, பாவுக்கெல்லாம் கோதுமை மாவைக் காச்சித் தடவறோம். அண்டாவுல இருக்கறது கூழில்லை, பாவுக் கஞ்சி. இழை சும்மா சும்மா அறுந்துபோகுது. துணி மட்டம்னு முதலாளிகிட்டப் பேச்சு வாங்கறோம். தெரிஞ்சா நீ அரிசியைத் தொடமாட்டேன்னுதான் வாயைத் தெறக்கலை. நாங்களா வெஷம் வெச்சோம்?"

இத்தனை நேரம் கொதித்த கோபம் திரும்பிக் கண்ணம்மாள் மேலேயே விழுந்தது. என்ன வார்த்தை சொல்லிவிட்டாள். பொன்னாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"என்னைய மன்னிச்சுப்போடுங்கக்கா. பெத்த வயிறு. புத்தி கெட்டுப்போச்சுங்க."

"சரி, சரி. அழுவாதே" என்றாள் பொன்னாத்தாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது. "புள்ளை நல்லா ஆகட்டும், போ."

கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு கண்ணம்மாள் தன் வீட்டுப் படியேறினாள். உள்ளே தறிச் சத்தம் சட்டென்று நின்றது.

"இழை மறுபடியும் அறுந்துபோச்சும்மா" என்றாள் சாரதாமணி. கஞ்சி ஏறிய நுனியை வாயில் வைத்துச் சப்பி, எச்சிலை விழுங்கிவிட்டு, முறுக்கிச் சேர்த்தாள், சின்ன வயசில் கண்ணம்மாளே சொல்லிக்கொடுத்தபடி.